பாத் நகர ரோமானியக் குளியலகம்: பெருங்குளத்துக்குக் கூரை இருந்ததா?

கேள்வி: இங்கிலாந்தின் பாத் நகரக் குளம் இப்போது திறந்தவெளியில் கிடக்கிறது. ரோமானியர் காலத்திலும் இப்படித்தானா? தண்ணீர் ஏன் பச்சை? தூண்கள் பழையவையா?

பதில் 1: கூரை இருந்தது, அதுவும் இரண்டு முறை! முதலில் மரக்கூரை. ஓயாத நீராவி மரத்துக்கு ஆகாது. 2ஆம் நூற்றாண்டில் அதை எடுத்துவிட்டு உருளை வளைவுக் கூரை எழுப்பினார்கள். முழுக்கக் கல்லால் கட்டினால் பாரம் தாங்காது என்பதால், உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி ஓடுகளைச் சாந்தில் பதித்தார்கள். அப்படியும் பழைய மெல்லிய தூண்கள் போதவில்லை. கல் சேர்த்துப் பருமனாக்கினார்கள். அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள், ஒட்டுச் சேர்த்த கோடு தெரியும். இடிந்து விழுந்த கூரைத் துண்டொன்றும் குளக்கரையிலேயே இருக்கிறது.

பதில் 2: பச்சை நிறம் பாசியால். கூரை போனதும் வெயில் பட்டது, பாசி பிடித்தது. ஊற்று நீர் 46 டிகிரி செல்சியஸ், நாளொன்றுக்குச் சுமார் 11.7 லட்சம் லிட்டர். வாய்க்காலில் காணும் செம்மஞ்சள் கறை இரும்புச்சத்து. குளத்தின் ஆழம் 1.6 மீட்டர்; அடியில் விரித்த 45 ஈயத் தகடுகள் இன்றும் நீரைத் தாங்குகின்றன. எனக்கு இங்கே பெரிய வியப்பு அதுதான்.

பதில் 3: தூண்களின் அடிப்பகுதி மட்டுமே ரோமானியருடையது. மேலே உள்ள தூண்கள், சிலைகள் நிற்கும் மேல்தளம் எல்லாம் விக்டோரியா காலத்தவை, திறப்பு 1897. தண்ணீரில் கை வைக்காதீர்கள், சுத்திகரிக்கப்படாதது. 1978இல் ஒரு சிறுமி அமீபா தொற்றால் இறந்தபின் இந்த ஊற்று நீரில் குளிப்பதை நிறுத்தினார்கள். குளிக்க வேண்டுமென்றால் 2006இல் திறந்த புதுக் கட்டடம் பக்கத்திலேயே உண்டு.