மேகசினைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலியா? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மாம்பலத்தான்:
2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள் அல்லவா, அப்போது பார்த்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சித்தப்பாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்றவர் வைத்திருந்தது சின்ன .32 பிஸ்டல். இடுப்பில் செருகிச் சட்டையை இறக்கிவிட்டால் வெளியே தெரியாது, அந்த ரகம். ஏட்டு ரிஜிஸ்டரில் நம்பர், தோட்டா எண்ணிக்கை எல்லாம் எழுதிவிட்டு "காலி பண்ணிக் குடுங்க" என்றார். இவர் பட்டனை அமுக்கினார், மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) கழன்று வந்தது, மேசையில் வைத்தார். "காலி சார்."

அதோடு விட்டிருக்கலாம். காலிதான் என்று காட்டுவதற்காகக் குழலைக் கொஞ்சம் சாய்த்து டிரிகர் பக்கம் விரலைக் கொண்டுபோனார். குழல் பார்த்த திசையில் பெஞ்சில் ஒரு அம்மா, மடியில் குழந்தை. சித்தப்பா சத்தமே போடவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து வெற்றுச் சுவர்ப் பக்கம் திருப்பி, "விரலை எடுங்க. இப்ப ஸ்லைடை இழுங்க" என்றார், மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை. இழுத்தார். தோட்டா ஒன்று தெறித்து, மேசை விளிம்பில் பட்டு, பீரோவுக்கு அடியில் உருண்டு போனது. விளக்குமாற்றை விட்டுத் துழாவி எடுத்தார்கள். ஏட்டுக்கு இருந்த ஒரே கவலை, "ஏழுன்னு எழுதிட்டேனே சார், இப்ப எட்டாயிடுச்சே."

அந்த மனிதர் வருஷக்கணக்காக லைசென்ஸ் வைத்திருப்பவராம். யாரும் சொல்லித் தரவே இல்லையா?

25மீட்டர்:
சொல்லித் தந்திருப்பார்கள். பாதி மட்டும் ஏறியிருக்கும். நான் சுடப் போகும் ரேஞ்சில் ஒரு புது ஆள் இதையே தலைகீழாகச் செய்தார். மேகசின் உள்ளே இருக்கும்போதே முதலில் ஸ்லைடை இழுத்தார். சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருந்த தோட்டா வெளியே வந்தது. அதைப் பிரசாதம் மாதிரி உள்ளங்கையில் ஏந்தி எல்லாருக்கும் காட்டினார். பிறகு நிதானமாக மேகசினை உருவினார். ஸ்லைடு திரும்பி முன்னே போனபோது மேகசினின் மேல் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு சேம்பருக்குள் போனதை அவர் கவனிக்கவே இல்லை. அவர் செய்த இரண்டு வேலையும் சரி, வரிசைதான் தப்பு. அவர் கையில் இருந்தது தோட்டா ஏறிய பிஸ்டல், முகத்தில் இருந்தது காலியாக்கிவிட்ட நிம்மதி.

பயிற்றுநர் திட்டவில்லை. "இன்னொரு தடவை இழு தம்பி" என்றார். இரண்டாவது தோட்டா விழுந்ததும் அந்தப் பையன் முகம் போன போக்கு இருக்கிறதே!

பெல்ஜியம்1910:
இதில் இவ்வளவு பதற என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா காலத்து எஃப்என் பிரௌனிங், 1910 மாடல். மேகசினை எடுத்துவிட்டால் டிரிகர் வேலை செய்யாது. உள்ளே தோட்டா இருந்தாலும் வெடிக்காது. அப்படி ஒரு பூட்டை, அதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் அன்றைக்கே வைத்துவிட்டார். மாம்பலத்தாரின் சித்தப்பா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவர் கையில் துப்பாக்கி இருக்கும்போது மணிக்கட்டைப் பிடிப்பது அதைவிட ஆபத்து.

பரங்கிமலை_ஹவில்தார்:
பெல்ஜியம் தம்பி, உங்கள் 1910-ல் அந்தப் பூட்டு உண்டு, மறுக்கவில்லை. 9 மி.மீ. ஹைபவரிலும் உண்டு, நான் பட்டாளத்தில் கையாண்டிருக்கிறேன். ஆனால் வால்தர் பிபிகேயில் கிடையாது. இன்னும் எத்தனையோ மாடலில் கிடையாது. ஸ்டேஷனில் அவர் கையில் இருந்தது எது என்று உங்களுக்குத் தெரியுமா? எங்கள் உறவில் ஒரு வீட்டில் இரண்டு ரகமும் இருந்தன. அப்பாவுடையது பூட்டு உள்ளது, மகன் வாங்கியது இல்லாதது. அப்பாவின் பிஸ்டலைத் துடைத்துப் பழகிய கை, மகனுடையதிலும் மேகசினை எடுத்துவிட்டு டிரிகரைத் தட்டியது. குண்டு இரும்பு பீரோவின் கதவைத் துளைத்து உள்ளே பட்டுப் புடவை அடுக்கில் போய் நின்றது. மகன் கல்யாணத்துக்கு எடுத்த புடவைகள். அந்த ஓட்டையை இன்றைக்கும் பார்க்கலாம், மேலே முருகன் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் குழலுக்கு ஒரு திசை முடிவு செய்யுங்கள். அடுக்குமாடி வீட்டில் பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் யாரோ படுத்திருப்பார்கள், தரைக்குக் கீழேயும் ஒரு குடும்பம் இருக்கும். மணல் நிரப்பிய வாளி ஒன்றை மூலையில் வைத்துக்கொள்வது எளிது. இரண்டாவது, ஆட்காட்டி விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, ஃபிரேமின் (பிஸ்டலின் உடல்பகுதி) மேல் நீட்டி வைத்தபடி. இந்த விரலை முதலில் நீட்டிய பிறகுதான் பட்டனையே நினைக்க வேண்டும். ஏன் என்றால், கட்டைவிரலால் எதையாவது பலமாக அமுக்கிப் பாருங்கள், மற்ற விரல்களும் தானாக இறுகும். இது கையின் சுபாவம். சின்ன பிஸ்டலில் பட்டன் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், கைப்பிடி குட்டை, அமுக்குகிற வேகத்தில் டிரிகர் விரலும் சேர்ந்து இறுகும். கட்டைவிரல் எட்டவில்லை என்றால் பிடியைத் திருகாதீர்கள், இன்னொரு கையின் கட்டைவிரலால் அமுக்குங்கள். மேகசின் வெளியே வந்ததும் அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டு ஸ்லைடைப் பின்னால் முழுக்க இழுத்து, மாடலில் வசதி இருந்தால் திறந்தபடியே நிறுத்தி, சேம்பரைப் பாருங்கள். பார்த்தால் போதாது, சுண்டுவிரல் நுனியை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த அறையில் கண் ஏமாற்றும். ஒரே தடவை இழுத்துவிட்டு நம்பாதீர்கள். எக்ஸ்ட்ராக்டர் நகம், அதாவது தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி, தேய்ந்திருந்தால் தோட்டாவைப் பிடிக்காமல் வழுக்கிவிடும், நீங்கள் பத்துத் தடவை இழுத்தாலும் அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். தெறிக்கும் தோட்டாவை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அதுவும் வேண்டாம். கீழே விழட்டும், பொறுக்கிக்கொள்ளலாம்.

சித்தப்பா செய்தது நூற்றுக்கு நூறு சரி.

திருவான்மியூர்_இடதுகை:
ஹவில்தார் ஐயா, எல்லாம் வலது கைக்காரர்களுக்கு எழுதியது. எனக்குக் கட்டைவிரலே அந்தப் பக்கம் வராது. பட்டன் இடப்பக்கம் இருக்கும், என் பிடியில் அது ஆட்காட்டி விரலின் பக்கம். அதனால் அந்த விரலையே மடக்கி அமுக்குகிறேன். இதில் ஒரு வசதி, டிரிகரை இழுக்க வேண்டிய விரல் அந்த நேரத்தில் பட்டன் மேல் இருப்பதால் டிரிகரில் இருக்கவே முடியாது.

என்னை உறுத்துவது வேறு. லைசென்ஸ் கிடைத்ததும் ஒரு கடைக்குப் போனேன். 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி முடித்து, சான்றிதழும் கையில் வைத்திருக்கிறேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "லேடீஸுக்கு ரிவால்வர்தாம்மா, கான்பூர் நிர்பீக் பாருங்க, லேடீஸுக்குன்னே விட்டாங்க" என்று ஆரம்பித்தார். பிஸ்டல் காட்டுங்கள் என்றேன். குட்டி .32 ஒன்றை எடுத்தார். பட்டன் அவர் கட்டைவிரலுக்கு வசதியாகச் சிக்கவில்லை. பெரிய உள்ளங்கை, குட்டைக் கைப்பிடி. பிடியை இடப்பக்கம் ஒரு திருகு திருகினார். குழல் என் வயிற்றைத் தாண்டி, பக்கத்தில் நின்ற என் தம்பியின் இடுப்பு வழியாகப் போய்த் திரும்பியது. மேகசின் பாதி இறங்கி அவர் உள்ளங்கைச் சதையில் மாட்டிக்கொண்டது. உதறினார், திரும்பவும் குழல் ஒரு சுற்று வந்தது. "பாத்தீங்களா, இதுதான், பிஸ்டல் கஷ்டம்" என்று சிரிக்கிறார்.

காலிதான் என்பார். இருக்கட்டும். சேம்பரை எங்களுக்கு அவர் காட்டவே இல்லையே!

லாரிஷெட்_மணலி:
எங்கள் முதலாளி வசூல் பணத்தோடு வருபவர். காரில் இருந்து இறங்கி மாடிப்படி ஏறுகிறார், பின்னால் நான். படியில் டங்கென்று ஒரு சத்தம். பார்த்தால் மேகசின் கிடக்கிறது. பெல்ட் உறைக்குள் இருந்தபடியே பட்டன் அமுங்கியிருக்கிறது. சீட் பெல்ட் கொக்கி அந்த இடத்தில்தான் அழுத்தும். நல்லவேளை முழுதாக விழுந்தது. பாதி இறங்கி உறைக்குள்ளேயே நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஒரு குண்டு சுட்ட பிறகு அடுத்தது ஏறியிருக்காது.

அதனால் நண்பர்களே உறை வாங்கும்போது துணி உறை வாங்காதீர்கள். பட்டனை மூடுகிற மாதிரி விறைப்பான உறை வாங்குங்கள், பட்டன் பக்கம் தோல் தடிப்பாக இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள், கீழ்ப்பகுதியில் டிரிகர் வளையம் முழுக்க மூட வேண்டும், உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள், நின்று பார்த்தால் தெரியாது. காரில் நீண்ட தூரம் போகிறவர்கள் இறங்கியதும் மேகசினின் அடியை உள்ளங்கையால் ஒரு முறை மேலே தள்ளிப் பாருங்கள், உறையிலிருந்து எடுக்காமலேயே. புதிதாகப் போடும்போது க்ளிக் சத்தத்தை மட்டும் நம்பாமல் கீழே இழுத்துப் பாருங்கள். ஸ்லைடு மூடியிருக்கும்போது முழுக்க நிரப்பிய மேகசின் கடைசி அரை விரல்கடை ஏற மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும்.

பெல்ஜியம்1910:
மணலி அண்ணன் சொன்னது எங்கள் 1910-க்கு நடக்கவே நடக்காது. அதில் பக்கவாட்டில் பட்டனே இல்லை, கைப்பிடியின் அடியில் கொக்கி. ஒரு கையின் கட்டைவிரலால் கொக்கியைப் பின்னால் தள்ளி, அதே கையின் விரலால் மேகசினை உருவ வேண்டும். மெதுவான முறைதான். ஆனால் படியில் விழாது, பாருங்கள். அதற்காகத்தான் பழைய ஐரோப்பிய ஆட்கள் அப்படிச் செய்தார்கள் என்பார்கள்.

அப்புறம் ஹவில்தார் சார், பூட்டு இல்லாத பிஸ்டலைப் பற்றி நான் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் இருப்பதைச் சொன்னேன்.

25மீட்டர்:
உங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்லித்தான் ஸ்டேஷனில் நின்றவரை எடை போட்டீர்கள். அது இருக்கட்டும். 1910-ல் அந்தப் பூட்டு ஒரு சின்ன இரும்புத் துண்டும் ஸ்பிரிங்கும்தான். நூறு வருஷம் ஆகிவிட்டது. யாராவது கழற்றிச் சுத்தம் செய்து அதைப் போடாமல் மூடியிருந்தால்? டிரிகர் லேசாக வர வேண்டும் என்று அதை வேண்டுமென்றே எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்பிரிங்_மாமா:
25மீட்டர் சொன்னதை என் வேலை மேசையில் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி பழுது பார்க்கும் கடையில் பாதி ஆயுள் போனது. ஆனால் நான் எழுத வந்தது ஆயுத பூஜை கதை.

சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள் கடை திறந்ததுமே ஒருவர் வந்தார். "மேகசின் வரமாட்டேங்குது." துணியைப் பிரித்தால் பிஸ்டல் முழுக்கச் சந்தனம், குங்குமம், அதன் மேல் ஒரு வெற்றிலைத் துணுக்கு. ஸ்க்ரூடிரைவர், தராசு, கணக்குப் புத்தகம் எல்லாவற்றோடும் சேர்த்துப் படைத்திருக்கிறார். பொட்டு வைத்தவர் பட்டனைச் சுற்றி நன்றாக அப்பியிருக்கிறார், கைப்பிடியில் வட்டமாக அழகாக இருக்கிறது என்று. சந்தனம் காய்ந்து பட்டனுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் கெட்டிப்பட்டுவிட்டது. அமுக்கினால் அசையவில்லை.

இப்போது கேளுங்கள். மேகசின் வராது, ஆகவே ஸ்லைடை இழுத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா ஏறும். வழக்கமான வரிசை இங்கே செல்லாது. குழலை மணல் பெட்டிக்குள் வைத்து, விரலை வெளியே வைத்து, ஸ்லைடை இழுத்து இழுத்து மேகசின் தீரும் வரை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எட்டு இருக்கும், ஏழு இருக்கும்" என்று ஏலம் விடுகிறார். எத்தனை என்பது எனக்குத் தேவையே இல்லை. இனிமேல் வராது என்ற பிறகு ஸ்லைடைத் திறந்து பிடித்து விரல் விட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் பட்டனில் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன்.

பூஜை செய்யட்டும், யார் வேண்டாம் என்றது. காலி செய்து, ஸ்லைடைத் திறந்து வைத்து, ஒரு பொட்டு கைப்பிடிப் பலகையில். அவரிடம் இதைச் சொன்னேன். "அம்மா முன்னாடி காலித் துப்பாக்கி வெக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

நம் ஊர் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களின் பிஸ்டலில் முதலில் துரு பிடிக்கும் இடங்களில் பட்டனின் ஸ்பிரிங் ஒன்று, வியர்வை இறங்கும் இடம் அது.

பரங்கிமலை_ஹவில்தார்:
எல்லாம் படித்தேன். இதற்கெல்லாம் பேசாமல் ரிவால்வர் வாங்கிவிட்டால் மேகசினும் இல்லை, பட்டனும் இல்லை, வம்பும் இல்லை. சிலிண்டரைச் சாய்த்தால் உள்ளே எத்தனை என்று பட்டப்பகலாகத் தெரியும்.

திருவான்மியூர்_இடதுகை:
ஐயா, அந்தக் கடைக்காரரும் இதையேதான் சொன்னார். சாயும் சிலிண்டரும் பெரும்பாலும் இடப்பக்கம்தான் திறக்கும், அது உங்களுக்கு நினைவுக்கு வரவில்லை. நான் பிஸ்டலே வாங்கிவிட்டேன்.

ஸ்பிரிங் மாமா, உங்களிடம் ஒரு கேள்வி. பட்டனை வலப்பக்கம் மாற்ற முடியுமா? முடியும் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

ஸ்பிரிங்_மாமா:
மாடலைப் பொறுத்தது அம்மா. இன்றைய சில பிஸ்டல்களில் பட்டனைக் கழற்றித் திருப்பிப் போடும்படியே செய்திருப்பார்கள், கூடவே வரும் கையேட்டில் போட்டிருக்கும். பழைய சின்ன .32-களில் பெரும்பாலும் அந்த வழி கிடையாது, அதற்கு ஃபிரேமைக் குடைய வேண்டும். குடைகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். மேகசினிலும் கொக்கி மாட்டும் பள்ளம் ஒரு பக்கம்தான் வெட்டியிருப்பார்கள், பட்டனை மாற்றினாலும் பிடிக்காது. கையேட்டில் இருந்தால் பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள ஆளிடம் கொடுத்துச் செய்யுங்கள், உங்கள் லைசென்ஸை எடுத்துப் போக மறக்க வேண்டாம். இல்லையென்றால் உங்கள் ஆட்காட்டி விரலே போதும்.

இன்னொன்று, அமுக்கும்போது சுண்டுவிரலைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிடுங்கள். சின்ன பிஸ்டலில் மேகசின் இறங்காமல் நிற்பதற்குப் பாதி நேரம் அந்த விரல்தான் காரணம். திரும்ப ஏற்றும்போதும் அங்கேயே இருந்தால் சதையைக் கிள்ளிவிடும்.