எல்க் வேட்டைக்கு எந்த பிராட்ஹெட்: அகலமா, ஊடுருவலா?

கேள்வி: மலைச்சரிவு

செப்டம்பரில் கொலராடோவில் எல்க் (பெரிய வகை மான்) வேட்டை. இதுவரை வொயிட்டெயில் மானோடு சரி. கையில் இருப்பது 60 பவுண்ட் இழுவிசை உள்ள காம்பவுண்ட் வில், டிரா நீளம் 28 அங்குலம். அம்பு 400 ஸ்பைன் (விறைப்பு எண்) கார்பன், தண்டு 28 அங்குலம், முனையோடு சேர்த்து 425 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்). குரோனோகிராஃப் விநாடிக்கு 250 அடி காட்டுகிறது. பிராட்ஹெட், அதாவது பிளேடு வைத்த வேட்டை முனை, 100 கிரெய்ன் மெக்கானிக்கல் (பட்டதும் பிளேடு விரியும் வகை), விரிந்தால் 2 அங்குலம்.

இதே முனை எல்குக்குப் போதுமா? ஃபிக்ஸட் (பிளேடு அசையாத வகை) போடுவதென்றால் இரண்டு பிளேடா, மூன்றா? 125 கிரெய்னுக்கு ஏறலாமா? ஃபிக்ஸட் முனை ஃபீல்டு பாயிண்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை) விழும் இடத்தில் விழுவதில்லை என்கிறார்களே, அது ஏன்?

பதில் 1: தண்டும்_முனையும்

முனையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் வில் என்ன கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எடையை (கிரெய்ன்) வேகத்தின் இருமடியால் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் ஆற்றல் வரும். உங்களுக்கு 59 அடி-பவுண்ட். ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை எல்க் வகைக்கு 42 முதல் 65 வரை என்கிறது. ஆக ஆற்றல் போதும். ஆனால் தாராளம் இல்லை.

ஊடுருவலுக்கு இதைவிட நல்ல அளவுகோல் உந்தம். எடையை வேகத்தால் பெருக்கி 225400-ஆல் வகுங்கள்: 0.47. இப்போது 125 கிரெய்ன் முனை (25 கூடுகிறது), 25 கிரெய்ன் அலுமினிய இன்செர்ட்டுக்கு (முனையைத் திருகத் தண்டின் வாயில் ஒட்டும் துண்டு) பதில் 75 கிரெய்ன் பித்தளை (50 கூடுகிறது) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 கிரெய்ன். வேகம் சுமார் 232 அடிக்கு இறங்கும். ஆற்றல் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், உந்தம் 0.515 ஆகும். அதே வில், அதே கை, ஒன்பது விழுக்காடு கூடுதல் தள்ளு. விலை என்னவென்றால் அம்பின் பாதை அதிகம் வளையும். 20 கெஜத்தில் தெரியாது. 40 கெஜத்தில் தூரத்தைத் தப்பாகக் கணித்தால் நன்றாகவே தெரியும்.

எடை முன்னால் கூடுவதால் சமநிலைப் புள்ளியும் முன்னால் நகரும். அம்பின் வாலில் நாண் மாட்டும் பள்ளத்திலிருந்து சமநிலைப் புள்ளி வரை அளந்து, தண்டு நீளத்தில் பாதியைக் கழித்து, நீளத்தால் வகுங்கள். இப்போது 17.2 அங்குலத்தில் நின்றால் 11 விழுக்காடு. மாற்றிய பிறகு ஏறக்குறைய 17. ஃபிக்ஸட் முனைக்கு நல்ல இடம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். முன்னால் 75 கிரெய்ன் ஏற்றினால் 400 ஸ்பைன் தண்டு தளர்ந்துவிடும், நாணை விட்டதும் அதிகமாக வளையும். ஸ்பைன் எண் என்பது 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 1.94 பவுண்ட் தொங்கவிட்டால் அது எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தொய்கிறது என்பது. எண் குறைந்தால் விறைப்பு கூடுதல். உங்களுக்கு 340-ஆவது வேண்டும். அந்தத் தண்டின் எடையும் சற்றுக் கூடும் என்பதால் மொத்தம் 515-ஐத் தொடலாம். பரவாயில்லை.

650 கிரெய்ன் வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். அம்பின் ஊடுருவலை ஆராய்ந்த எட் ஆஷ்பி கனத்த எலும்பை உடைப்பதற்குச் சொன்ன வரம்பு அது. 60 பவுண்ட் வில்லில் அவ்வளவு ஏற்றினால் பாதை வானவில் மாதிரி ஆகிவிடும். விலா வழியாக நுரையீரலுக்கு எய்கிறவருக்கு அது தேவைப்படாது.

பதில் 2: நாணோசை

எடைக் கணக்கு அண்ணன் சொன்னதுதான். முனைக்கு வர்றேன்.

2 அங்குலம்னு பார்த்து மயங்காதீங்க. வெட்டு நீளத்தைப் பாருங்க. ரெண்டு பிளேடு மெக்கானிக்கல் 2 அங்குலம் விரிஞ்சா வெட்டு 2 அங்குலம். 1.125 அங்குல மூணு பிளேடு ஃபிக்ஸட்ல ஒவ்வொரு பிளேடும் நடுவுலேர்ந்து 0.56, மூணும் சேர்ந்தா 1.69. அதே அகலத்துல ரெண்டு பிளேடு வச்சு, குறுக்கே 0.75 அங்குலத்துல சின்ன பிளீடர் (துணை பிளேடு) போட்டா 1.875. அதாவது வித்தியாசம் நீங்க நினைக்கிற அளவு இல்லை. ஆனா மெக்கானிக்கல் விரியறதுக்கே ஆற்றல் செலவாகுது, பிறகு அந்த அகலத்தைத் தோல், விலா எல்லாத்துலயும் இழுத்துட்டுப் போகணும். 59 அடி-பவுண்ட்ல அந்தப் பக்கம் வெளிய வருமாங்கறது சந்தேகம்.

வெளிய வர்றது ஏன் முக்கியம்? மேலேர்ந்து எய்யறப்ப நுழைஞ்ச துளை உயரத்துல இருக்கும். ரத்தம் உள்ளேயே தேங்கும், வெளிய வர்ற கொஞ்சத்தையும் எல்கோட அடர்ந்த முடி குடிச்சிடும். கீழ ஒரு துளை இருந்தாத்தான் தடம் கிடைக்கும்.

எலும்பு பத்தின பயம்தான்னா ரெண்டு பிளேடு, நுனியிலேர்ந்தே வெட்டற வகை. நீளம் அகலத்தைப் போல மூணு மடங்குக்குக் கிட்ட இருந்தா நல்லா வழுக்கிப் போகும். தடம்தான் கவலைன்னா பிளீடரோட ரெண்டு பிளேடு, இல்லைன்னா ஒரே கட்டியா செஞ்ச மூணு பிளேடு. உங்க வில்லுக்கு நான் சொல்றது பிளீடர் வச்சதுதான். 0.03 அங்குலத் தடிமன்ல கழட்டி மாட்டற பிளேடு வேண்டாம், விலாவுல பட்டாலே நெளியலாம். பிரதான பிளேடு 0.06-க்குக் குறையாம பாருங்க.

கொலராடோ விதிப்படி முனை அகலம் குறைஞ்சது 0.875 அங்குலம், எஃகு வெட்டுமுனை ரெண்டாவது இருக்கணும். மெக்கானிக்கலுக்கு அங்க தடையில்லை. இருந்தாலும் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தை ஒரு தடவை பாத்துடுங்க.

பதில் 3: ஓரிங்

மெக்கானிக்கலை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. 70 பவுண்டும் 30 அங்குல டிராவும் உள்ளவர் பக்கவாட்டில் நிற்கும் எல்குக்கு 1.5 அங்குல, பின்புறமாக விரியும் வகையைப் போட்டால் குறையே சொல்ல முடியாது. காற்றிலும் நேராகப் போகும். கேள்வி கேட்டவரின் வில்லுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

போடுகிறவர்கள் இரண்டைக் கவனிக்கவும். பிளேடை மூடிப் பிடிக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடிக்கும். விரலால் நீட்டிப் பாருங்கள், மேற்பரப்பில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். கூட்டிலிருந்து அம்பை உருவும்போதே பிளேடு பாதி திறந்துகொள்வதற்கு முக்கால்வாசி காரணம் அதுதான். இரண்டாவது, முன்புறமாக விரியும் வகை சாய்கோணத்தில் பட்டால் ஒரு பிளேடு முதலில் கவ்வி அம்பைத் திருப்பிவிடும்.

மலைச்சரிவு

சரி, பிளீடர் உள்ள இரண்டு பிளேடு, 125 கிரெய்ன், 340 தண்டு, பித்தளை இன்செர்ட் என்று முடிவு செய்கிறேன். குறி மாறும் விஷயத்தை யாராவது சொல்லுங்கள். சிங்கிள் பெவல் (ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டிய பிளேடு) தேவையா? தீட்டுவது எப்படி?

பதில் 4: தண்டும்_முனையும்

பின்னால் இருக்கும் இறகுதான் அம்பைத் திருத்த வேண்டும். பிராட்ஹெட் போட்டதும் முன்னாலும் இறக்கை முளைத்துவிடுகிறது. நாணை விட்ட கணத்தில் அம்பு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் முன் இறக்கை அந்தக் கோணலைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். ஃபீல்டு பாயிண்ட் மன்னித்துவிடும் தப்பை பிராட்ஹெட் காட்டிக்கொடுக்கும்.

முதலில் அம்பு. முனையைத் திருகிய பின் தண்டை இரண்டு உருளைகளில் கிடத்திச் சுழற்றுங்கள். கண்ணை நுனியில் வையுங்கள். நுனி ஒரு புள்ளியாக நின்றால் சரி, சிறு வட்டம் போட்டால் அந்த அம்பு வேட்டைக்கு ஆகாது. பெரும்பாலும் காரணம் தண்டின் வாய் சதுரமாக இல்லாதது. வெட்டியதோடு இன்செர்ட்டை ஒட்டிவிடுகிறார்கள். வாயில் கறுப்பு மார்க்கரால் மை பூசி, ஸ்கொயரிங் கருவியில் மை முழுவதும் போகும்வரை சுற்றித் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அதன் பிறகும் ஆடினால் அதே முனையை வேறு அம்பில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் ஆடினால் முனைதான் கோணல்.

அடுத்து வில். 20 கெஜத்தில் ஃபீல்டு பாயிண்ட் மூன்று, பிராட்ஹெட் மூன்று. இரண்டுக்கும் ஒரே எடை. பிராட்ஹெட் கூட்டம் இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதி) வலப்பக்கம் நகர்த்துங்கள். கீழே விழுந்தால் ரெஸ்டை உயர்த்துங்கள். அதாவது பிராட்ஹெட்டை ஃபீல்டு பாயிண்டை நோக்கி ஓட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 0.8 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு கூட்டமும் ஒன்றுசேர்ந்த பிறகு 40 கெஜத்தில் மறுபடி பாருங்கள். குறிகாணியைத் தொடுவது கடைசியில்தான். நகர்த்தியும் நெருங்கவில்லையா? ரெஸ்டை விட்டுவிடுங்கள். ஸ்பைன், கேம் டைமிங் (வில்லின் சக்கரங்கள் ஒன்றாகச் சுழல்வது), பிடியில் கை முறுக்குவது, இந்த மூன்றில் ஒன்று.

இறகு நேராக ஒட்டியிருந்தால் ஹெலிக்கலாக (சற்றுச் சுருளாக) மாற்றுங்கள். ஃபிக்ஸட் முனைக்கு அந்தச் சுழற்சி வேண்டும். சிங்கிள் பெவல் எலும்புக்குள் முறுக்கிக்கொண்டு போகும், எலும்பைப் பிளக்கும். உண்மைதான். ஆனால் வலது ஹெலிக்கலுக்கு வலது பெவல், இடதுக்கு இடது என்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வந்த சுழற்சியை முனையே நிறுத்திவிடும்.

பதில் 5: நாணோசை

தீட்டறது என் பங்கு.

பெட்டியில வர்ற கூர்மையை நம்பாதீங்க. மழுங்கின முனை நாளத்தை வெட்டாது, தள்ளிக்கிட்டுப் போகும் இல்லைன்னா கிழிக்கும். கிழிஞ்ச ஓரத்துல ரத்தம் சீக்கிரம் உறையும். சுத்தமா வெட்டின நாளம் மூட நேரமாகும்.

கம்பனி வச்ச கோணத்தை மாத்தாதீங்க. பெவல்ல (தீட்டின சாய்வுப் பரப்புல) கறுப்பு மார்க்கரைத் தடவி, நடுத்தரக் கல்லுல ரெண்டு இழுப்பு. மை ஓரத்துல மட்டும் போனா கோணம் அதிகம், முதுகுல மட்டும் போனா குறைச்சல். முழுக்கப் போனா அதுதான் கோணம், கையை அங்கயே பூட்டிக்கோங்க. மறுபக்கம் நெடுக பிசிறு நகத்துல தட்டுற வரைக்கும் தீட்டி, பக்கத்தை மாத்துங்க. பிறகு மெல்லிய கல்லு, அழுத்தமே இல்லாம. கடைசியா தோல் பட்டையில பின்பக்கமா இழுத்தா பிசிறு உதிர்ந்துடும். பிளீடரையும் மறக்காதீங்க. நிறைய பேர் மறக்கறது அதைத்தான்.

சோதனைக்கு முழங்கை முடியை வழிக்க வேண்டாம். ரப்பர் பேண்டை லேசா இழுத்துப் பிடிச்சு அதுமேல பிளேடை வச்சா, முன்னும் பின்னும் இழுக்காமயே பேண்டு அறுந்துடணும். கட்டியா இருக்கற மூணு பிளேடு வாங்கறவங்களுக்கு வேலை சுலபம், ரெண்டு ரெண்டு பிளேடா கல்லுமேல படுக்கப்போட்டுத் தள்ளினா கோணம் தானா அமைஞ்சிடும்.

எஃகோட கெட்டித்தன்மை 52-லேர்ந்து 58 ராக்வெல்லுக்குள்ள இருக்கட்டும். ரொம்ப மென்மைன்னா ஓரம் மடங்கும், ரொம்ப கெட்டின்னா எலும்புல சில்லு தெறிக்கும். மடங்கினதைத் திருத்தலாம், சில்லு போனா அந்த இடம் போனதுதான்.

பயிற்சிக்கு ஒரே மாதிரி முனை ரெண்டைத் தனியா ஒதுக்குங்க. ஃபோம் டார்கெட்ல நாலு தடவை போனாலே கூர் போயிடும். வேட்டைக்கான அம்பு ஒவ்வொண்ணும் ஒரு தடவையாவது எய்யப்பட்டிருக்கணும், அப்புறம் மறுபடி தீட்டிக் கூட்டுல வைங்க.

பதில் 6: ஓரிங்

ஒன்று விட்டுப்போயிற்று. தண்டு 28 அங்குலம் என்றீர்கள், டிராவும் 28. முழுதாக இழுத்த நிலையில் பிளேடின் பின்விளிம்பு ரெஸ்டுக்கு முன்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று யாரையாவது பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் இழுத்துப் பிடித்திருக்கும்போது அவர் முன்னால் போகக் கூடாது. ஃபீல்டு பாயிண்டோடு பார்த்தாலே போதும், முனையின் நீளத்தைத் தனியாக அளந்து கழித்துக்கொள்ளலாம். மெக்கானிக்கல் மூடியிருந்தபோது இடித்திருக்காது. 1.125 அங்குல ஃபிக்ஸட் பிளேடு வில்லின் ஷெல்ஃபிலோ (பிடிக்கு மேலே உள்ள மேடை), பிடித்திருக்கும் கையின் ஆள்காட்டி விரலிலோ இடிக்கலாம். ஒரு அங்குலமாவது இடைவெளி இல்லையென்றால் 340 தண்டை 28.5 அல்லது 29 அங்குலத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். அப்படி நீட்டினால் ஸ்பைன் மறுபடி தளரும். 300-ஐயும் ஒன்று வாங்கி, இறகில்லாமல் எய்து இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு மீதியை வாங்குங்கள்.