அப்பாவுக்கு ஜீன் டெஸ்ட்: எடுத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நாங்க தங்கச்சிமடம். அப்பாவுக்கு 61 வயசு, நாட்டுப்படகுத் தொழில். போன வருசம் இதயத்துல ஸ்டென்ட் வச்சாங்க. ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த குளோபிடோக்ரெல் மாத்திரையை ஒரு நாள் விட்டதில்ல. கடலுக்குப் போறப்பகூட பாலித்தீன்ல சுருட்டி, சோத்துத் தூக்குக்குள்ள வச்சுத்தான் அம்மா அனுப்பும். அப்படியும் போன மாசம் அதே ஸ்டென்ட்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருச்சு.

இந்த மாத்திரை ஈரல்ல போய் மாறினாத்தான் வேலை செய்யும். அதை மாத்துற சிஒய்பி2சி19 என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். நம்ம நாட்டுல அப்படி இருக்கவங்க நிறையப் பேரு. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2010லேயே இதுக்கு எச்சரிக்கை போட்டிருக்கு. இங்க முதல்லயே ஏன் பார்க்கலன்னுதான் மனசு ஆறல.

இப்ப அதுக்குப் பதிலா டைகாக்ரெலார்ங்கிற மாத்திரை போடுறார். ரெண்டு வேளை, விலையும் கூட, மூச்சு முட்டுதுங்கிறார். டாக்டர்கிட்ட சொல்லிட்டோம், ஜீன் டெஸ்ட் பார்த்துட்டு மாத்திரையை முடிவு பண்ணலாம்னார்.

மதுரையிலோ ராமநாதபுரத்திலோ இந்த டெஸ்ட் எடுத்தவங்க இருக்கீங்களா? எவ்வளவு ஆச்சு, ரிசல்ட் வர எத்தனை நாள்?

இன்னொண்ணு. லேப் கொடுத்த ஒப்புதல் தாள்ல, மாதிரியை ஆராய்ச்சிக்கும் வச்சுக்குவோம்னு இருக்கு. அப்பா ஜீன் விவரம் எனக்கும் தம்பிக்கும் சேர்ந்தது. அந்த வரியை மட்டும் அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டவங்க உண்டா? ஒத்துக்கிட்டாங்களா?

வெள்ளிக்கிழமை போகணும். அதுக்குள்ள சொன்னா புண்ணியமாப் போகும்.