கருப்பை வாயில் கட்டி என்றார்கள்: உங்களுக்கும் நடந்ததா?

ஈசூன் அம்மா

போன மாதம் எச்பிவி சோதனைக்குப் (கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) பலதுறை மருந்தகம் போயிருந்தேன். சிங்கப்பூரில் முப்பது வயதுக்கு மேல் 5 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கிறோமே, அதுதான். எனக்கு வயது 42, இரண்டு பிள்ளைகள். வழக்கமாகச் சட்டென்று முடிந்துவிடும். அன்று தாதி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கருப்பை வாயில் சின்னதாக ஒரு கட்டி தெரிகிறது, டாக்டர் பார்க்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

சிறப்பு மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்தேன். சமைத்தேன், வேலைக்குப் போனேன், வீட்டுப்பாடம் பார்த்தேன். இரவில்தான் தூக்கம் வராது. மாமியாரிடம் மூச்சு விடவில்லை. கட்டி என்றாலே நம் வீடுகளில் ஒரே அர்த்தம்தானே.

கேகே மருத்துவமனையில் மருத்துவர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். வெந்த ஜவ்வரிசி போல இரண்டு குமிழ்கள். நபோத்தியன் சிஸ்ட் என்று பெயராம். கருப்பை வாயில் சளி சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு. பிரசவத்துக்குப் பின் அந்த இடம் ஆறும்போது புதுத்தோல் வளர்ந்து சில சுரப்பிகளின் வாயை மூடிவிடும். சளி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் குமிழாகிவிடும். புற்றுநோயோடு இதற்குச் சம்பந்தமில்லை, சிகிச்சையும் வேண்டாம் என்றார். எச்பிவி முடிவிலும் கிருமி இல்லை. வெளியே வந்து தேக்கா வரை அழுதுகொண்டே நடந்தேன்.

உங்களுக்கு என்ன சொன்னார்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.

ஜூரோங்வாசி

எனக்கு வந்தது பாலிப், 48 வயதில். கணவரோடு சேர்ந்த பிறகு இரத்தம் பட்டது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவிலும் பட்டது. முதலில் போன மருந்தகத்தில், "மாதவிலக்கு நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும்" என்று பரிசோதிக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான்கு மாதம் கழித்து வேறொரு டாக்டர் பார்த்தார். காம்போடு தொங்கும் சிவப்புச் சதை, மிளகு அளவுதான். இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்தார். சில நிமிட வேலை, மாதவிலக்கு வலி போல அடிவயிற்றில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். பாலிப் பெரும்பாலும் தீங்கில்லாதது, ஆனாலும் எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். எனக்குச் சாதாரணம் என்றே வந்தது. உறவுக்குப் பின் இரத்தம் வந்தால் வெட்கத்தில் மறைக்காதீர்கள். புற்றுநோயிலும் அப்படி வரும்.

தோ பாயோ மகள்

அம்மாவுக்கு 71 வயது, நான்கு பிரசவம். குளிக்கும்போது கையில் ஏதோ உருண்டையாகத் தட்டுகிறது என்றார். ஒரு வருடமாகவே இருந்ததாம், என்னிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார். டாக்டர் பார்த்தால் அது கட்டியே இல்லை. கருப்பை இறங்கி, கருப்பை வாயே கீழே வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அம்மா மறுத்ததால் உள்ளே ஒரு சிலிக்கான் வளையம் வைத்துத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை போய்க் கழுவி மாற்ற வேண்டும். இப்போது மறுபடி சந்தைக்கு நடக்கிறார்.

மலர்

என் சித்திக்கு நல்ல சேதி வரவில்லை. மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து இரத்தம் பட்டது, உடல் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போனபோது புற்று பரவிவிட்டது. வாழ்நாளில் ஒரு சோதனைகூட எடுத்ததில்லை. கருப்பை வாய்ப் புற்றில் பத்தில் ஏழு எச்பிவி 16, 18 என்ற இரண்டு வகைக் கிருமிகளால் வருகிறது என்பதே அப்புறம்தான் எனக்குத் தெரியும். 2019 முதல் உயர்நிலை ஒன்றில் மாணவிகளுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடுகிறார்கள். என் மகளின் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது சித்தி முகம்தான் கண்ணில் நின்றது.

ஈசூன் அம்மா

மலர், மனசு கனத்துவிட்டது மா. நேற்று இரவு நீங்கள் எல்லாரும் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தோ பாயோ அக்கா எழுதியது வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு, ரொம்ப நாளா" என்றார். வியாழக்கிழமை காலை பலதுறை மருந்தகத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். அக்கா, அந்த வளையத்தை மாற்றும்போது வலிக்குமா? அவர்தான் கேட்கச் சொன்னார்.