மலிவாக ஒரு பெரிய சவரக்கத்தி: வாங்கியவர்கள் பட்ட பாடு

கல்லடியிலிருந்து:

அம்மப்பாவோடு சலூனுக்குப் போன காலத்திலேயே எனக்குப் பெரிய கத்தியில் ஆசை விழுந்துவிட்டது. கதிரையின் பக்கத்தில் தொங்கிய தோல் வாரில் அந்த ஐயா கத்தியை இழுக்கும் சளக் சளக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது சலூன்களில் பாதி பிளேட்டைச் செருகும் கத்திதான். வாரைக் காணவே முடியாது. சரி, நாமே ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்கினேன்.

இந்தக் கத்திகளின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்வார்கள். தடித்த முதுகிலிருந்து வெட்டும் ஓரமான வாய் வரை அளப்பது. 5/8 என்றால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19. 8/8 முழு அங்குலம். புதிதாகத் தொடங்குபவருக்கு 5/8 அல்லது 6/8 போதும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் கேட்டேனா? 8/8 ஒன்று நம்ப முடியாத விலையில் கிடைத்தது, வாங்கிவிட்டேன். பொதியைப் பிரித்தபோது குசினியிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா, இது மீன் வெட்டவா என்று கேட்டார்.

விலையின் ரகசியம் அன்றைக்கே தெரிந்தது. கையிலிருந்த முடியைக்கூட அது வெட்டவில்லை. வாயைச் சரியாகப் பிடிக்காமலே அனுப்பியிருந்தார்கள். உடனே அதைச் சாணை பிடிப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கத்தரிக்கோலும் இறைச்சிக் கத்தியும் பிடித்த கை அது. சக்கரத்தில் வைத்ததும் பொறி பறந்தது. வாய் ஓரத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு நீலம் பூத்தது. உருக்கு அப்படிச் சூடேறி நீலமானால் அந்த இடத்தின் கடினம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் பதம் நிற்காது. எனக்கு அது தெரிந்தது காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு.

அடுத்தது 6/8. கூடவே 1000, 4000, 8000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) தண்ணீர்க் கற்கள், அதாவது நனைத்துத் தீட்டும் கற்கள், ஒரு தோல் வார். கல்லில் கத்தியைக் கிடத்தினால் முதுகும் வாயும் ஒன்றாகப் படும், கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது கிழமைதான் முகம் எரியாமல் சவரம் செய்தேன். கல்லும் வாரும் சேர்ந்து கத்தியைவிட அதிகமாக விழுங்கிவிட்டன. மலிவு என்று சொல்வதற்கு முன் அதையும் கூட்டிப் பாருங்கள்.

கல்முனையிலிருந்து:

அண்ணன், நான் பழையது வாங்கியவன். மச்சான் வெளிநாட்டிலிருந்து வரும்போது சோலிங்கன் முத்திரை உள்ள 7/8 கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த ஊர்ப் பெயரை 1938 முதல் ஜெர்மன் சட்டமே காக்கிறது என்பது சரிதான். ஆனால் முத்திரையைப் பார்த்து மயங்காமல் முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்து பளபளத்தால் யாரோ அழுத்தி அழுத்தித் தீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கண்ணாடித் துண்டின் மேல் கிடத்தி முனையில் விரலால் தட்டுங்கள். ஆடினால் வளைவு இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அகலமான கத்தி கன்னத்தில் சுகமாகப் போகிறது. பாரமே பாதி வேலையைச் செய்துவிடும், நுரையையும் நிறையத் தாங்கும். மூக்குக்குக் கீழேதான் தகராறு, திருப்ப இடம் போதாது. எனக்கு அது பிரச்சினை இல்லை. வாப்பாவைப் போல நானும் தாடி வைத்திருக்கிறேன், கன்னத்துக்கு மேலும் கழுத்திலும் கோடு பிடித்தால் போதும். முழு முகமும் மழிப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். முனை சதுரமாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். என் இடது காதைக் கேட்டால் சொல்லும்.

திருக்கோவிலிலிருந்து:

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு துருவைப் பற்றி யாரும் பேசவில்லையே! கார்பன் உருக்குக் கத்தியைக் குளியலறையில் வைத்துவிட்டுக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனேன். உகந்தை தாண்டிக் காட்டுக்குள் நடக்கும்போது சவரமாவது ஒன்றாவது. திரும்பி வந்தபோது எனக்குத் தாடி, கத்திக்குத் துரு. முதுகில் இருந்ததைத் தேய்த்து எடுத்துவிட்டேன். வாயில் விழுந்த புள்ளிகள் போகவில்லை.

தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன், நாள் போகப் போகப் பசையாகப் பிடித்துக்கொண்டது. இப்போது தையல் இயந்திர எண்ணெய். துடைக்கும்போது பிடிக்குள் கத்தி மடங்கும் ஆணி இருக்கும் இடத்தை மறக்க வேண்டாம். ஈரம் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

மீண்டும் கல்லடியிலிருந்து:

தையல் இயந்திர எண்ணெய்க்கு நன்றி தம்பி, அம்மாவின் பெட்டியிலேயே இருந்தது. நீலம் பூத்த 8/8 இன்னும் என்னிடம் கிடக்கிறது. கத்தி எதற்கும் உதவாது, பிடி மட்டும் நல்ல மரம். யாருக்காவது வேண்டுமென்றால் பாலத்தடிக்கு வாருங்கள், சும்மா தருகிறேன்.