மஞ்சள் உறைச் சட்டம்: வெளிநாட்டு வர்த்தக சபை சொன்னால் கொரியா கேட்க வேண்டுமா?

தராசுத்தட்டு:
தென்கொரிய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் 24 அன்று ‘மஞ்சள் உறை’ எனப்படும் தொழிற்சங்கச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. துணை ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர்களும் இனி தலைமை நிறுவனத்தைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கலாம். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியின் மீது நிறுவனம் இஷ்டத்துக்கு நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. இது வந்தால் தங்கள் நிறுவனங்கள் கொரியச் சந்தையைவிட்டே வெளியேற நேரலாம் என்று அங்குள்ள ஐரோப்பிய வர்த்தக சபை ஜூலையிலேயே அறிக்கை விட்டது. அமெரிக்க வர்த்தக சபையும் கவலை தெரிவித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு வியாபாரிகள் கெடு வைப்பது எந்த ஊர் நியாயம்?

நீர்க்காகம்:
அதற்குப் பெயர் கெடு இல்லை, ஐயா. கப்பல் கட்டும் நிறுவனத்துக்கோ கார் நிறுவனத்துக்கோ துணை ஒப்பந்ததாரர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அத்தனை சங்கங்களும் வந்து கதவைத் தட்டினால் யாரோடு பேசுவது? பேச மறுத்தால் நிர்வாகி குற்ற வழக்கில் நிற்க வேண்டியிருக்கும். பணம் போட்டவன் வாயைத் திறக்கக்கூடாதா?

இன்னொன்றையும் கேட்கிறேன். கொரியா தன் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தவில்லை என்று 2018 டிசம்பரில் தன்னோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டிப் புகார் எழுப்பியதும் ஐரோப்பிய ஒன்றியம்தான். 2021 ஜனவரியில் நிபுணர் குழு அறிக்கை தந்தது. அதே ஆண்டில் கொரியா சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29, 87, 98ஆம் உடன்படிக்கைகளை (கட்டாய உழைப்புத் தடை, சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேரம்) ஏற்றது. அன்று அந்த அழுத்தம் உங்களுக்கு இனித்தது, இன்று கசக்கிறது.

பொன்வண்டு:
இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 2011 முதல் நடைமுறையில் இருந்த ஒப்பந்தத்தில் கொரிய அரசே கையெழுத்திட்டுத் தந்த வாக்கை ஐரோப்பா நினைவூட்டியது. ஒப்பந்தத்தின் தொழிலாளர் உரிமை அத்தியாயத்தில் வரி போடவோ வர்த்தகத்தை நிறுத்தவோ இடமே இல்லை. பேசலாம், அறிக்கை தரலாம், அவ்வளவுதான். வர்த்தக சபை சொன்னதோ ‘போய்விடுவோம்’.

இந்தச் சட்டத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 2009இல் பியோங்தேக் நகரின் சாங்யோங் கார் ஆலையில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் 77 நாள் உள்ளேயே இருந்தார்கள். போலீஸ் ஹெலிகாப்டர் தாழப் பறந்து கண்ணீர்ப்புகைத் திரவத்தை அவர்கள் தலையில் கொட்டியது. கடைசியில் அதிரடிப் படை கூரை வழியாக இறங்கியது. அதோடு விடவில்லை. நிறுவனமும் போலீசும் வழக்குப் போட்டு, தொழிலாளர்கள் மொத்தம் 470 கோடி வோன் தர வேண்டும் என்று 2013இல் தீர்ப்பு வாங்கின. ஹெலிகாப்டருக்கு ஏற்பட்ட சேதமும் அந்தக் கணக்கில் சேர்த்தி! வேலையும் போய், அடித்தவனின் வண்டிக்குப் பழுதுபார்க்கும் கூலியும் அடிவாங்கியவன் தலையில்.

செய்தியைப் படித்த ஒரு பெண் 47,000 வோனை ஒரு வார இதழுக்கு அனுப்பிவைத்தார். லட்சம் பேர் இப்படிக் கொடுத்தால் கடன் அடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. முன்பு கொரியாவில் சம்பளம் மஞ்சள் உறையில்தான் வரும். நன்கொடை இயக்கத்துக்கும் அதுவே அடையாளமாயிற்று. ஹெலிகாப்டரை எதிர்த்தது தற்காப்பாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீர்க்காகம்:
உருக்கமான கதை, மறுக்கவில்லை. ஆனால் சங்கங்கள் எல்லாம் புடம்போட்ட தங்கமா? 2023 ஜனவரியில் உளவுத்துறையும் போலீசும் கொரியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமை அலுவலகத்தில் சோதனை போட்டபோது பழிவாங்கல் என்று கூச்சல் எழுந்தது. வடகொரிய உளவாளிகளோடு தொடர்பு வைத்திருந்ததாக முன்னாள் நிர்வாகி ஒருவருக்கு 2024 நவம்பரில் 15 ஆண்டு சிறை கிடைத்தது. மேல்முறையீட்டில் ஒன்பதரை ஆண்டாகக் குறைந்தது, அவ்வளவே. சோதனை என்றாலே அராஜகம் என்று பாடம் படிக்க வேண்டாம்.

தராசுத்தட்டு:
தனிமனிதர் மீதான குற்றத்துக்கு வாரண்டோடு போங்கள், யார் தடுத்தது? 2013 டிசம்பர் 22 அன்று அதே கூட்டமைப்பின் அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கான போலீசார் வந்தார்களே, அதைச் சொல்லுங்கள். ரயில் சங்கத் தலைவர்களைக் கைது செய்ய வாரண்டு இருந்தது. கட்டடத்தைச் சோதனையிட வாரண்டு கேட்டபோது நீதிமன்றம் மறுத்திருந்தது. கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தேடிய தலைவர்களில் ஒருவரும் அங்கே இல்லை! கைது செய்யப் போகையில் சோதனை வாரண்டு இல்லாமலே நுழையலாம் என்று போலீஸ் கைகாட்டிய சட்டப்பிரிவே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீர்க்காகம்:
நீதிமன்றம் திருத்தியது என்றால் அமைப்பு வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

பொன்வண்டு:
நாலு ஆண்டுக்கு மேல் கழித்து. கதவுக்கு என்ன பயன்?

ஒற்றைப்பனை:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். கொரிய நாடாளுமன்றம் இதை நிறைவேற்றிய 11ஆம் நாள், செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து கட்டிவந்த பேட்டரி ஆலைக்குள் குடிவரவு அதிகாரிகள் புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள். அதில் 300க்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். கையிலும் இடுப்பிலும் காலிலும் சங்கிலி. அந்தப் படங்களை வெளியிட்டதும் அந்தத் துறையேதான். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் துணை ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். அப்போது கொரிய அரசு வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பி, தனி விமானம் வைத்து அழைத்துவந்தது. ‘அவர்கள் எங்கள் நேரடி ஊழியர்கள் இல்லை’ என்று அரசு கைகழுவவில்லை. அமெரிக்காவில் சங்கிலி மாட்டப்பட்ட துணை ஒப்பந்தத் தொழிலாளி கொரியாவின் பிள்ளை. உள்ளூரில் சம்பளம் பேச வந்தால் மட்டும் மூன்றாம் மனிதனா?

நீர்க்காகம்:
குடிமகனை மீட்பது வேறு, கூலி பேசுவது வேறு. ஒப்பிட்டுக் குழப்பாதீர்கள். சட்டத்தில் உள்ள உண்மையான ஓட்டை, பணி நிலைமைகளை ‘கணிசமாகவும் குறிப்பாகவும் கட்டுப்படுத்துபவர்’ முதலாளி என்ற வரி. யார் அளப்பது? எதைக் கொண்டு அளப்பது? முந்தைய அதிபர் இரண்டு முறை ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தி இதைத் திருப்பி அனுப்பியது சும்மா இல்லை.

தராசுத்தட்டு:
வேலை நேரத்தை நிர்ணயிப்பது யார், பாதுகாப்புக் கருவியை வாங்கித் தருவது யார், ஆள் எத்தனை என்று முடிவு செய்வது யார்? இந்த மூன்றையும் கேட்டால் அளந்தாயிற்று. ஆலை வாசலில் நிற்கும் காவலாளிக்கே பதில் தெரியும்.

நீர்க்காகம்:
காவலாளியும் துணை ஒப்பந்தக்காரரின் ஆள்தான். 2026 மார்ச் 10 முதல் சட்டம் நடைமுறை என்று அறிவித்திருக்கிறார்கள். அவர் யாரிடம் மனு கொடுப்பார் என்பதைச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.