நெஞ்செரிச்சலுக்குக் குடித்ததை விட, சாப்பிட்ட நேரத்தை மாற்றியதுதான் கேட்டது

திருச்சி

அப்பா மளிகைக் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வரவே பத்து மணி தாண்டிவிடும். பரோட்டா, சால்னா என்று வயிறு நிறையச் சாப்பிட்டு அப்படியே படுத்துவிடுவார். நடுராத்திரியில் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்துக்கொண்டு வரும். எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

சீரகத் தண்ணீர், சோம்பு, மோர், மணத்தக்காளிக் கீரை எல்லாம் அம்மா கொடுத்துப் பார்த்தார். மோர் குடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும் என்பார். அப்புறம் பழையபடிதான். யாரோ சொன்ன அதிமதுரத்தை டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அப்பாவுக்கு பிரஷர் உண்டு, அது இன்னும் ஏற்றிவிடுமாம். ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிப்பதும் அப்படித்தான், அதில் சோடியம் அதிகம்.

உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையம்தான் அமிலம் மேலே ஏறாமல் பிடித்து வைக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால் அமிலம் அதைத் தாண்டி எளிதாக வந்துவிடும். நல்லது என்று பலர் சொல்லும் புதினாகூட அந்த வளையத்தைத் தளர்த்தக்கூடியது.

அதனால் சாப்பாட்டு நேரத்தையே மாற்றினோம். இப்போது ஏழரைக்கே தம்பி டிபன் கேரியரில் இட்லியோ இடியாப்பமோ கடைக்குக் கொண்டுபோய்விடுகிறான். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்துவிடுகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடிக் கட்டை வைத்தோம். தலையணையை அடுக்கினால் சரிவராது, இடுப்பு மடங்கி வயிறுதான் அமுங்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் பழகிக்கொண்டார். இப்போது ராத்திரி எழுந்து உட்காருவது அபூர்வம்.

மதுரை

அக்கா, என் சித்தப்பாவுக்கும் இந்தத் தொல்லை பல வருஷமாக உண்டு. ஒரு நாள் எரிச்சலோடு குப்பென்று வியர்த்து, தாடை வரை வலித்தது. “கேஸ்தான், ஒரு சோடா வாங்கி வா” என்றார். சித்தி கேட்கவில்லை, 108-க்குப் போன் செய்துவிட்டார். இ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பின் வலி மழுங்கித் தெரியலாம் என்று அங்கேதான் கேள்விப்பட்டோம். சித்தியின் பிடிவாதம்தான் அவரைப் பிழைக்க வைத்தது.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, இதில் எது இருந்தாலும் கஷாயத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

கோவை

எனக்கு இப்போது எட்டாம் மாதம். கர்ப்ப காலத்தில் ஹார்மோனால் அந்த வளையம் தளரும், குழந்தை வளர வளர இரைப்பையும் நெருக்கப்படும் என்று டாக்டர் சொன்னார். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். ராத்திரியில் புளிக்குழம்பை விட்டுவிட்டேன். எரிச்சல் முழுசாகப் போகவில்லை, ஆனால் தூங்க முடிகிறது. மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான்.